பாய்லர் மூச்சு எடுக்கும்போது

என் அருமைச் சுண்டெலிக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தியும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது, என் காதைப் பற்றித் தனியாகக் கீழே வருகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், குறை ஏதாவது இருந்தால் ஒரு வரி போடு, படை திரட்டிக்கொண்டு வருகிறேன். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, நானேதான் சரிசெய்தேன், அதாவது குழாய்க்காரர் சரிசெய்தபோது டார்ச் பிடித்தேன். இப்போது ஒரு பிரகடனம். இந்தக் கடிதத்தில் வரப்போகிற கதையை இந்தப் பூமியில் ஒரு ஜீவனும் நம்பாது. என் எழுபத்திரண்டு வயதின் மேலும், மிச்சமிருக்கும் ஒன்பது பற்களின் மேலும் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்குகிறேன், அப்படியும் நம்பமாட்டாய். பாலங்களைத் தட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நீ, இதையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. பாடினது போதும் சித்தப்பா, காது வேற போயிடுச்சு, எல்லாரும் பாவம் பாக்குற நிலைமை வர்றதுக்கு முன்னாடி மரியாதையா இறங்கிடுங்க, ரெண்டு பேரும் இங்க வந்து எங்ககூடவே இருங்க, டிக்கெட் அனுப்பிட்டேன் என்றாய். நான் உம் கொட்டினேன். உம் கொட்டினால் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டாய் என்று சித்தி சொல்கிறாள். மகளே, போனில் உன்னோடு வாதாடி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன், காகிதத்தில் எனக்குக் குறுக்கே பேச யாராலும் முடியாது. சித்தி மட்டும் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டே இதெல்லாம் தேவையா என்கிறாள். தேவை. நான் ஏன் இறங்கவில்லை, எப்படி இறங்காமல் தப்பித்தேன் என்பதை முழுசாகச் சொல்லாமல் அந்த டிக்கெட்டுக்குப் பதில் சொல்ல முடியாது.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சரித்திரம் என்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இருபது வயதில் அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாளைக்கு நாலாயிரம் படுக்கைவிரிப்புகள், நான் சொல்லும்போது பத்தாயிரம். யானை முழங்காலிட்டு உள்ளே போகலாம் என்கிற அளவுக்குப் பெரிய துவைக்கும் மிஷின்கள் ஆறு, பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காத சத்தம். விரிப்பு மடிப்பது இருவர் வேலை, ஆளுக்கு ஒரு முனை, இழு, உதறு, சேர், நாலு அடி முன்னால் வா, முனையைக் கொடு, குனிந்து எடு. அந்தச் சத்தத்தில் வாயால் ஒன்று இரண்டு சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்பதால் மடிப்பு மேஜைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே பாட்டை ஓங்கிப் பாடுவார்கள், பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மடிப்பு. என்னையும் ஒரு முனையில் நிறுத்தினார்கள். மறுமுனையில் நின்றவள்தான் இப்போது என் தோளுக்குப் பின்னால் நிற்கிறவள். ஒரு விரிப்புக்கு நாலு அடி என்று அவள் என் பக்கம் வர வேண்டியிருந்தது, ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு, கணக்குப் போட்டுப் பார், கல்யாணம் ஆகாமல் என்ன செய்வது. அவள் மேல்குரல், நான் அடிக்குரல். என் குரல் முதல்தடவை வெளியே வந்தபோது ஆறு மிஷினும் நின்று வழிவிட்டன. மின்சாரம் போனதால் என்று சித்தி சொல்கிறாள், அவளுக்குப் பொறாமை.

அன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வருஷம். வேலை முடிந்த சனிக்கிழமை மதியங்களில் அதே மடிப்பு மேஜையைச் சுற்றி நின்று பாட ஆரம்பித்த பதினொரு பேர்தான் இன்று இருபத்திரண்டு பேர் கொண்ட குழு. நான் மேற்பார்வையாளர் பதவியை மூன்று தடவை வேண்டாம் என்று சொன்னவன், அந்தப் பதவிக்குச் சனிக்கிழமை ஷிப்ட் உண்டு என்பதுதான் காரணம், மேலதிகாரி என்னை மகாத்மா என்று நினைத்துக்கொண்டார். இந்த வீட்டை எடுத்ததும் சலவைக்கூடத்துக்கு நடக்கிற தூரம் என்பதற்காகத்தான். நீ ஆறு வயதில் ஒரு பையோடு எங்களிடம் வந்தாய், அண்ணனும் அண்ணியும் போன அந்த வருஷம் நீ யாரிடமும் பேசவில்லை, தூங்கவும் இல்லை. வீட்டில் விட்டுப் போக ஆள் இல்லாமல் ஒரு சனிக்கிழமை உன்னையும் கூட்டிக்கொண்டு போனோம். மிஷினிலிருந்து வந்த சூடான விரிப்புக் குவியலுக்குள் நீ புகுந்து, பதினேழு பேர் தலைக்குமேல் தொண்டை கிழியக் கத்துகிற இடத்தில், மூன்று மணிநேரம் அசையாமல் தூங்கினாய். சுண்டெலி என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், போதும் இறங்குங்கள் என்று நீ சுலபமாகச் சொல்லிவிட்டாய், எதிலிருந்து இறங்கச் சொல்கிறாய் என்பது உனக்கே தெரியும்.

இனி பாய்லருக்கு வருகிறேன். சலவைக்கூடத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அதனால் பாய்லர், உன் கல்யாணத்தில் உன் செருப்பைத் தேடிக் கொடுத்தானே அவனேதான். குழுவில் அடிக்குரலுக்கு நாங்கள் இருவர் மட்டும். நாற்பத்திநாலு வருஷமாக அவன் என் வலதுபக்கம், நான் அவன் இடதுபக்கம், இந்த வரிசை மாறியதில்லை. எங்கள் பெரிய பாட்டு ஒன்று உண்டு, அதன் கடைசியில் மேலே இருபது பேரும் தண்ணீர் கொட்டுகிற மாதிரி வேகவேகமாகச் சொற்களைக் கொட்டுவார்கள், கீழே நாங்கள் இருவரும் ஒரே ஒரு ஸ்வரத்தை இருபத்தெட்டு எண்ணிக்கை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். மேலே இருக்கிறவர்கள் நிற்கிற தரை அதுதான். இருபத்தெட்டு எண்ணிக்கை ஒரே மூச்சில் பிடிக்க எந்த மனிதனாலும் முடியாது, என்னாலேயே முடியாது என்றால் பார்த்துக்கொள். ரகசியம் இதுதான், அவன் மூச்சு எடுக்கும்போது நான் எடுக்கக் கூடாது, நான் எடுக்கும்போது அவன் எடுக்கக் கூடாது. கேட்கிறவர்களுக்கு ஒரே ஆள் மூச்சே விடாமல் பாடுகிற மாதிரி இருக்கும். ஒன்பதாவது எண்ணிக்கையில் நீ, பதினாலில் நான் என்று முன்கூட்டியே பங்கு போடலாமே என்று உன் பொறியாளர் மூளை கேட்கும். எழுபதைத் தாண்டிய நெஞ்சு எண்ணிக்கைக்குக் கட்டுப்படாது, அதற்கு வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். அதனால் காதுதான் வழி. பாய்லர் மூச்சு எடுப்பதற்குச் சற்று முன்னால் மூக்கில் ஒரு சின்ன உறிஞ்சல் சத்தம் வரும், பூனை பாலைப் பார்த்த மாதிரி, அது கேட்டால் நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். நாற்பத்திநாலு வருஷத்தில் நான் அதிகமாகக் கேட்ட சத்தம் உன் சித்தி என்னைத் திட்டுவது, அடுத்தது அந்த உறிஞ்சல்.

ஆறு மாதம் முன்னால் வந்த காய்ச்சலில் என் வலது காது போனது. எழுந்து பார்த்தால் அந்தப் பக்கம் உலகமே இல்லை. காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, நரம்பு செத்திருக்கு பெரியவரே, திரும்ப வராது, வேணும்னா மிஷின் வச்சுப் பாருங்க, உறுதி சொல்ல முடியாது என்றார். நான் வீட்டுக்கு வந்து சித்தியிடம் மட்டும் சொல்லி, குழுவில் ஒருத்தருக்கும் மூச்சுவிடக் கூடாது என்று ஆணையிட்டேன். அவள் குழுவில் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொன்னாள். ஆணையில் ஓட்டை. நாலு மாதம் சமாளித்தேன், பாய்லரின் தோள் ஏறுவதை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து மூச்சு மாற்றினேன், மாறுகண் வந்துவிடும்போல இருந்தது. அப்புறம் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத் திறப்பு. வாசலில் மேடை, முந்நூறு நாற்காலி, எங்கள் முகத்துக்கு நேரே விளக்கு, கண் கூசி ஓரக்கண் வேலை செய்யவில்லை. பதினேழாவது எண்ணிக்கையில் நானும் மூச்சு எடுத்தேன், பாய்லரும் எடுத்தான். ஒரே நேரத்தில். சுண்டெலி, தரை போய்விட்டது. பாட்டின் நடுவில் ஒரு குழி, அதில் ஒரு பஸ்ஸை நிறுத்தலாம். மேல்குரல்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே விழுந்தார்கள், நடுக்குரல்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அவர்களும் விழுந்தார்கள், திறப்புவிழாவுக்கு வந்த பெரிய மனிதர் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டிவிட்டார்.

எங்களை நடத்துகிறவர் கணக்கு டீச்சர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குத் தலைவி, என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், நான் அவரைப் பார்த்தால் வீட்டுப்பாடம் செய்யாதவன் மாதிரி நிற்பேன். மேடைக்குப் பின்னால் எங்கள் இருவரையும் நிறுத்தி, தரை ரெண்டும் ஒரே நேரத்துல காணாமப் போச்சே, யாரு விட்டது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாய்லர், நான்தான் டீச்சர், எண்ணிக்கிட்டே வந்தேன், எங்கயோ யோசனை போயிடுச்சு என்றான். டீச்சர் அவனைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார், அடுத்த முடிவு வரைக்கும் அவன் பாடக் கூடாது.  இந்தக் கடிதத்தில் நான் பெருமையாக எழுதமுடியாத இடம் இது ஒன்றுதான், அதனால் இதில் ஒரு உருட்டும் சேர்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஏன் என்று கேட்காதே, உண்மையைச் சொன்னால் என்னையும் பெஞ்சில் உட்கார வைப்பார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஏழு சனிக்கிழமை பாய்லர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். டீக்கோப்பைகளைக் கழுவினான், நாற்காலி போட்டான், பாட்டுத்தாள்களை அடுக்கினான். நான் வலதுபக்கம் காலியாக வைத்துக்கொண்டு பாடினேன், பெரிய பாட்டை டீச்சர் ஒதுக்கிவிட்டார். உள்ளுக்குள் எனக்கு ஒரு திட்டம், யாருக்கும் தெரியாமல் காது மிஷின் வாங்கி, கேட்கிறதைக் கேட்டு, சரியாகிவிட்டது என்று காட்டி, பாய்லரையும் மீட்டு, நானும் வரிசையில் நின்றுகொள்வது. மந்திரிசபையே கூடி யோசித்தாலும் இதைவிட மட்டமான திட்டம் வராது. மிஷினை மாட்டிக்கொண்டு போன முதல் சனிக்கிழமை, டீச்சர் வழக்கம்போல மெல்ல ஹும் என்று சுருதி கொடுத்தார். நான் பாட வாயை அகலத் திறந்தேன், தாடை அசைந்ததில் மிஷின் காதுக்குள்ளிருந்து குய்ங் என்று ஒரு விசில் அடித்தது. எனக்கு அந்தக் காதில் அது கேட்கவே இல்லை. மற்ற எல்லோருக்கும் கேட்டது. மேல்குரல்காரர்கள் டீச்சரின் சுருதியை விட்டுவிட்டு விசிலின் சுருதியைப் பிடித்துக்கொண்டார்கள். குழுவே அதன் பின்னால் ஏறியது, நான் பாடப் பாட அது இன்னும் கூவியது, அது கூவக் கூவ அவர்கள் இன்னும் ஏறினார்கள். ஐந்தாவது அடியில் மேல்குரலில் பாடுகிற தையல்காரம்மாவின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, ஏழாவது அடியில் அவர் எட்டிய இடத்தில் அதற்குமுன் பறவைகள்தான் போயிருக்கின்றன, எட்டாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். டீக்கெண்டி விசிலடிக்குது யாராவது போய் அடுப்பை அணைங்க என்று டீச்சர் கத்தினார். பாய்லர் போய் அணைத்தான். மறுபடி பாடினோம், மறுபடி விசில். இல்லாத கெண்டியை அவன் மூன்று தடவை அணைத்தான். கூவுவது என் மிஷின் என்று இடது காதுக்கு அப்போதுதான் உறைத்தது, மெல்லக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன், அது பைக்குள்ளேயும் கூவியது, பைக்குள் குஞ்சுப்பறவை வளர்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

அன்று பயிற்சி முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது பாய்லர் என் இடதுபக்கமாக வந்தான், நாற்பத்திநாலு வருஷத்தில் முதல்தடவை. யோவ் ஜமீன், எந்தக் காது என்று கேட்டான், ஜமீன் என்பது என் அளப்புக்கு அவன் வைத்த பெயர். வலது என்றேன். தெரியும், திறப்புவிழாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெரியும், வலதுபக்கத்துலேருந்து கூப்பிட்டா நீ திரும்பவே இல்ல, நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் என்றான். அப்புறம் ஏன்யா பழியை நீ ஏத்துக்கிட்ட என்று கேட்டேன். எனக்குத் தோட்டம் இருக்கு, முயல் இருக்கு, பேரப்பிள்ளைங்க இருக்காங்க, உனக்கு இது ஒண்ணுதானேய்யா, ஆனா நீ என்னை ஏழு வாரம் கோப்பை கழுவ விடுவேன்னு நினைக்கல என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான்.  அங்கேயே திரும்பி மேலே ஏறினேன். டீச்சர் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார், நாலைந்து பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி, குழியைத் தோண்டினது நான், அவன் இல்ல, எனக்கு வலது காது செத்து ஆறு மாசம் ஆச்சு, கெண்டியும் நான்தான் என்றேன்.

டீச்சர் விளக்கை மறுபடி போட்டார். பாவம் என்று சொல்வார், பரவாயில்லை சார் நீங்க ஓரமா நின்னு வாயசைங்க என்பார் என்று பயந்தேன், நீ போனில் சொன்ன அதே பயம்தான். அவர் அப்படிச் சொல்லவில்லை. பாவம்னு யாரையும் நான் வரிசைல நிக்க வைக்கிறதில்ல சார், பாவம்னு யாரையும் வெளிய அனுப்புறதும் இல்ல, மூணு சனிக்கிழமை தர்றேன், ரெண்டு பேரும் எல்லார் முன்னாடியும் பெரிய பாட்டைப் பாடுங்க, இருபத்தெட்டும் அறுபடாம வந்தா நில்லுங்க, அறுந்தா ரெண்டு பேருக்கும் முதல் வரிசைல மரியாதையா நாற்காலி போட்டுக் கேக்க வைக்கிறேன் என்றார். மரியாதை நாற்காலி! அதைவிடக் கோப்பை கழுவலாம். பதினான்கு ஊர்க் குழுக்கள் கூடுகிற மேடை அடுத்த மாதம், அடிக்குரலுக்கு மருந்துக் கிடங்கில் வேலை செய்கிற இரட்டையர்கள் ஏற்கெனவே மனுப் போட்டுவிட்டு வாசலில் தொண்டையைச் செருமிக்கொண்டு திரிகிறார்கள்.

முதல் வாரப் பயிற்சியில் இடம் மாறி நின்று பார்த்தோம், அவன் என் நல்ல காதுப் பக்கம். பிரயோஜனம் இல்லை. இரண்டு காது இருந்தால் சத்தங்களைப் பிரித்தெடுக்கலாம், ஒரே காதில் இருபது பேரும் ஒரே புனலில் ஊற்றின மாதிரி வருகிறார்கள், அதில் பாய்லரின் உறிஞ்சல் எங்கே என்று தேடுவது ஆஸ்பத்திரி விரிப்புக் குவியலில் ஒரு கைக்குட்டையைத் தேடுகிற மாதிரி. பாய்லரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் உன் சித்தி, சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, ரெண்டு கிழங்களும் எதுக்கு இப்படிக் காதையே கட்டிக்கிட்டு அழறீங்க, மடிப்பு மேஜைல நான் உங்ககிட்ட எப்பவாவது வாயத் திறந்து இப்ப இழு, இப்ப விடுன்னு சொல்லியிருக்கேனா, துணி சொல்லலையா என்று கேட்டாள். நானும் பாய்லரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மொத்தம் எழுபது வருஷம் சலவைக்கூடத்து விரிப்புகளுக்கு நடுவில் கிடந்த இரண்டு முட்டாள்கள். விரிப்பின் மறுமுனையில் இருக்கிறவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பது துணியின் இழுப்பிலேயே கைக்குத் தெரிந்துவிடும், அது தெரியாமல் எந்தச் சலவைக்காரனும் ஒரு மடிப்புக்கூட மடிக்க முடியாது. உடனே கட்டிலில் இருந்த விரிப்பை உருவி ஆளுக்கு ஒரு முனை பிடித்தோம். மூச்சு எடுப்பதற்குமுன் இழு. இழுப்பு வந்தால் விடாதே. அவ்வளவுதான் சட்டம். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, இரண்டு பெரியவர்கள் விரிப்பைக் கயிறிழுப்பு மாதிரி இழுத்துக்கொண்டு மாடு கத்துவதுபோல ஒரே சத்தத்தைப் போடுவதைப் பார்த்து, சித்தியிடம் இருவரையும் ஒரே டாக்டரிடம் காட்டலாமா என்று விசாரித்தார். இரண்டாவது வாரம் விரிப்பு டவலாகச் சுருங்கியது. மூன்றாவது வாரம் டவலை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டே நடுங்காமல் நிற்கப் பழகினோம்.

போன சனிக்கிழமை சோதனை. இதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள். மடிப்பு மேஜையை ஓரம் தள்ளி எல்லோரும் வரிசையில் நின்றார்கள், இரட்டையர்கள் கதவோரம், முழங்கால் முனகியதால் சித்தி பெஞ்சில். நானும் பாய்லரும் எங்கள் இடத்தில், எங்கள் பழைய வரிசையில், முதுகுக்குப் பின்னால் டவல். டீச்சர் பார்த்தார், அது என்ன என்று கேட்டார். எங்க காது என்றான் பாய்லர். டீச்சர் கையைத் தூக்கினார். நான் பாட ஆரம்பித்ததும் சலவைக்கூடத்துக் கண்ணாடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாமாகத் துடைத்துக்கொண்டன. ஆறு மிஷினும் பழைய ஞாபகத்தில் எழுந்து நின்று மரியாதை செய்தன. எட்டாவது எண்ணிக்கையில் மூன்றாம் மாடி நோயாளிகள் கட்டிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தார்கள், பன்னிரண்டில் மேலே ஒரு ஆகாயவிமானம் வேகத்தைக் குறைத்துக் கேட்டுவிட்டுப் போனது, இருபதில் இரட்டையர்கள் மனுவைத் தாங்களே கிழித்து ஆளுக்குப் பாதி தின்றுவிட்டார்கள். இருபத்தெட்டு முடிந்தபோது டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, ஒரு வாளி நிறைய அழுதார், அதை நாலுபேர் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்துக்கு ஊற்றினார்கள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, நில்லுங்க, டவலை மட்டும் வெள்ளையா மாத்துங்க, இது கண்ணைக் குத்துது என்றார்.

ஆகவே, மகளே, டிக்கெட்டுக்குப் பதில். அங்கேயே வந்து தங்க மாட்டேன். இதில் பேச்சுக்கே இடமில்லை, சித்தியைத் தூது விட்டாலும் எடுபடாது, அவளும் என் கட்சிதான், உன்னுடையது மாடிப்படி இல்லாத வீடு என்றதும் ஒரு நாள் உன் கட்சிக்குச் சாய்ந்தாள், இரண்டாம் நாள் திரும்பிவிட்டாள். நீ என்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னாய், என்னை யாரும் கேலியாகப் பார்த்துவிடக் கூடாது என்று. பார்க்கட்டும். டவல் பிடித்துக்கொண்டு பாடுகிற கிழவனைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வார்கள், நானே சிரிப்பேன். ஒரு நாள் இழுப்பு கைக்குத் தெரியாமல் போகும், அன்றைக்கு டீச்சர் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுவேன், இந்தத் தடவை மாதிரி ஏழு வாரம் ஒளிய மாட்டேன், பாய்லருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் சனிக்கிழமை மதியம் நான் இருக்கிற இடம் ஒன்றுதான். பதினான்கு குழு மேடை முடிந்ததும் டிக்கெட் தேதியை மாற்றி இரண்டு மாதம் வந்து தங்குகிறோம், உன் சமையலைப் பொறுத்துக்கொள்கிறோம், மாப்பிள்ளையைச் சீட்டாட்டத்தில் தோற்கடித்துவிட்டுத் திரும்புகிறோம். அதற்குள் நீ ஒரு வேலை செய். உன் ஊரில் வாரத்துக்கு ஒருநாள் சேர்ந்து பாடுகிற கூட்டம் எங்கேயாவது இருக்கும், விசாரித்து வை, ஒற்றைக் காது அடிக்குரல்காரன் ஒருவன் இரண்டு மாதத்துக்கு வருகிறான், டவலின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் மட்டும் வேண்டும் என்று சொல். ஆள் கிடைக்காவிட்டால் நீயே பிடி, உனக்கும் மடிக்கத் தெரியும்.

வேலைக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது தொலைபேசியில் பேசாதே. பாலத்தின் அடியில் தொங்கிக்கொண்டு சோதிக்கிறபோது கயிற்றை நீயே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போ, கட்டிக்கொடுத்தவர் சொன்னார் என்று நம்பாதே. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா, நிற்காவிட்டால் டாக்டரிடம் போகச் சொல், கூகுளிடம் அல்ல. இரண்டு பேரும் சண்டை போட்டால் அன்றைக்கே முடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நீண்ட ஆயுளோடும், நல்ல தூக்கத்தோடும், சிரிப்பு குறையாமலும் நூறு வருஷம் இருக்க வேண்டும், நானும் பக்கத்திலேயே இருந்து எண்ணிச் சரிபார்ப்பேன். சித்தியின் முத்தம் ஒன்று, தனியாகப் போட்டிருக்கிறேன், காகிதத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் இடம் அதுதான்.

என்றும் உன் நலம் நாடும்,
உன் சித்தப்பா, மூன்று முறை பதவியைத் துறந்தவர், அடிக்குரலின் இடது பாதி.

பின்குறிப்பு: சித்தி முழுவதையும் படித்துவிட்டு, கண்ணாடி துடைச்சுக்கிச்சாம், விமானம் நின்னுச்சாம், அந்தப் பொண்ணு இதையெல்லாம் நம்பிட்டு உக்காந்திருக்கப் போறா, ஒரு நிஜமாவது எழுதுங்க, இல்லன்னா தபால் தலை ஒட்ட மாட்டேன் என்கிறாள். எழுதுகிறேன். கண்ணாடி, மிஷின், விமானம், வாளி எல்லாம் என் கைச்சரக்கு. டீச்சர் அழவில்லை, மூக்கை மட்டும் சிந்தினார், சளியாகக்கூட இருக்கலாம். என் குரல் இருபத்தைந்துக்கு மேல் கரகரத்துவிட்டது. ஆனால் பத்தொன்பதாவது எண்ணிக்கையில் எனக்கு ஒன்றும் கேட்காமல், ஒன்றும் தெரியாமல், நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருந்தபோது கையில் ஒரு இழுப்பு வந்தது. நான் விடவில்லை. அவன் மூச்சு எடுத்துவிட்டுத் திரும்ப வந்தான், அதன்பிறகு நான் எடுத்தேன். இருபத்தெட்டும் அறுபடவில்லை. அது மட்டும் நிஜம்.